மொட்டை மாடியில் அகப்பட்ட நெபுலா

2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் உலுக்கிவிட்டுப் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கிழக்குத் தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது சில நாட்கள் மின்சாரம் கிடையாது. மழை விட்டு ஆகாயம் தெளிந்த ஓர் இரவு, வீட்டுக்குள் புழுக்கமும் கொசுவும் தாங்காமல், எண்பது வயதான என் தாயாரைக் கைத்தாங்கலாக மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்றேன்.

இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு! கோலமாவை வாரி இறைத்தாற்போல் கிழக்கே நட்சத்திரங்கள் கிடந்தன.

“சிவப்பாய் ஒண்ணு இருக்குமே, திருவாதிரை, அது தெரியுதா? அதுக்கு இந்தண்டை வரிசையாய் மூணு இருக்கணும். அந்த மூணையும் தாண்டிப் புகை மாதிரி ஒண்ணு இருக்கும். எனக்கு எல்லாம் கலங்கலாய் இருக்கு. நீ பாரப்பா” என்றார்.

பார்த்தேன். இருந்தது! மூன்று நட்சத்திரங்களுக்கு வலப்புறம், ஊதிவிட்ட சாம்பிராணிப் புகை மாதிரி ஒரு சின்னத் திட்டு. மாயவரத்துப் பக்கம் கிராமத்துத் திண்ணையில் படுத்துக்கொண்டு சிறு வயதில் அவர் தினமும் பார்த்த சமாசாரம் அது. ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் வீடு கட்டிக்கொண்டு வந்த புதிதில் எனக்கும் தென்பட்டதுதான். பிறகு எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை என்பதே நினைவில் இல்லை.

பத்தே முக்காலுக்கு மின்சாரம் வந்தது. தெருவே கை தட்டியது. ஆகாயம் போய்விட்டது.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது தாயார் கேட்டார்: “அந்தப் புகையை போட்டோ எடுக்க முடியுமா? கிட்டே வெச்சுப் பார்த்தா எனக்குத் தெரியும்.”

வாசகர்களே, இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த ஒரு கேள்விதான்.

அது என்ன மேகம்?

நெபுலா என்ற லத்தீன் சொல்லுக்கு மேகம், மூடுபனி என்று அர்த்தம். என் தாயார் சொன்ன புகைத் திட்டுக்கு ஓரியன் நெபுலா என்று பெயர். மெஸ்ஸியர் என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி தயாரித்த பட்டியலில் அது 42-வது. சுமார் 1,350 ஒளி வருஷ தூரத்தில் இருக்கிறது. அதாவது, இன்றிரவு நம் மாடியில் வந்து விழும் அதன் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது காஞ்சியில் பல்லவர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள்! பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயுவால் ஆன மேகம் அது. நடுவில் அண்மையில் பிறந்த நட்சத்திரங்கள் சில கொதித்துக்கொண்டிருக்கின்றன. (அண்மையில் என்றால் சில லட்சம் வருஷங்களுக்குள், வானசாஸ்திரத்தில் அது நேற்றுப் போல.) அவற்றின் புற ஊதாக் கதிர்கள் பட்டு வாயு ஒளிர்கிறது. பழைய சினிமாக் கொட்டகை வாசலில் நியான் விளக்கு ஒளிர்ந்ததே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

நியான் விளக்கு என்று சொன்னதில் ஒரு விசேஷம் உண்டு. குண்டு பல்பின் வெளிச்சத்தில் வானவில்லின் எல்லா நிறங்களும் கலந்திருக்கும். வாயு விளக்கு அப்படியல்ல. தனக்கென்று வைத்திருக்கும் ஒரு சில நிறங்களை மட்டுமே வீசும். நெபுலாவும் அப்படித்தான். இதை உலகத்துக்குக் கண்டு சொன்னவர் வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர். சர்வகலாசாலைப் புரொபஸர் அல்ல. குடும்பத்து ஜவுளி வியாபாரத்தைக் கைவிட்டு, டல்ஸ் ஹில் என்ற லண்டன் புறநகரில் வீட்டோடு ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்துக்கொண்டவர். 1864 ஆகஸ்டில் ஒரு நெபுலாவின் வெளிச்சத்தை நிறமாலைக் கருவி வழியே பார்த்தார். வானவில்லை எதிர்பார்த்த இடத்தில் பச்சையாக ஒரு கோடு பிரதானமாய்ப் பளிச்சிட்டது. ‘இது வாயுதான்’ என்று அறிவித்தார். அந்தப் பச்சைக் கோடு எந்த மூலகத்தினுடையது என்பது மட்டும் புரியாமல், ‘நெபுலியம்’ என்று ஒரு புது மூலகத்தையே கற்பித்துக்கொண்டார்கள். 1927-ல் அமெரிக்க விஞ்ஞானி போவன்தான் மர்மத்தை அவிழ்த்தார். அது நாம் சுவாசிக்கும் அதே ஆக்ஸிஜன். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து, மிக மிக மெல்லிய நிலையில் இருக்கும்போது அந்த நிறத்தைக் காட்டுகிறது.

போட்டோ எடுத்த கதையும் வீட்டுக் கதைதான். 1880 செப்டம்பர் 30-ந் தேதி, ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க டாக்டர் தம் சொந்தத் தொலைநோக்கியில் காமிராவைப் பொருத்தி, 51 நிமிஷம் திறந்து வைத்து, ஓரியன் நெபுலாவின் முதல் புகைப்படத்தை எடுத்தார். 1883-ல் லண்டன் புறநகரான ஈலிங்கில், ஆண்ட்ரு காமன் என்ற சுகாதார எஞ்சினீயர் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து அதைவிட அற்புதமான படம் எடுத்தார். கண்ணால் பார்த்தால் தெரியாத நட்சத்திரங்களெல்லாம் அதில் விழுந்திருந்தன. மறு வருஷம் ராயல் வானசாஸ்திர சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

டல்ஸ் ஹில்லும் ஈலிங்கும் லண்டனுக்கு எப்படியோ, அப்படித்தான் சென்னைக்கு நம் செலையூரும் ராஜகீழ்ப்பாக்கமும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு வித்தியாசம்: அவர்கள் தெருவில் காஸ் விளக்கு. நம் தெருவில் எல்.இ.டி.!

சென்னையும் ஒரு காலத்தில் இருட்டாகத்தான் இருந்தது. 1861 ஏப்ரல் 17-ந் தேதி, நுங்கம்பாக்கத்து வான ஆராய்ச்சி நிலையத்தில் நார்மன் போக்ஸன் ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயர் வைத்தார். அங்கேயே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். இன்று அதே நுங்கம்பாக்கத்தில் நின்று அண்ணாந்தால் விளம்பரப் பலகைதான் முதலில் கண்ணில் படும். சூரிய ஆராய்ச்சி 1899-ல் கோடைக்கானலுக்குப் போயிற்று. இரவு ஆராய்ச்சிக்கு இருட்டும் தெளிந்த வானமும் தேடி, வைணு பாப்பு 1960-களில் ஜவ்வாது மலைக் காவலூருக்குப் போனார். அவர்களுக்குப் போக இடமிருந்தது. எண்பது வயதுக் கிழவியை நான் எங்கே அழைத்துக்கொண்டு போவது?

டின் எடையும் எண்ணெய் எடையும்

நகரத்து வெளிச்சத்தால் நெபுலா அழிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. அதன் வெளிச்சம் பல்லவர் காலத்தில் கிளம்பியபடியே, குறையாமல், மாடியில் வந்து விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு மேல் தெருவிளக்கின் வெளிச்சம் தூசியிலும் ஈரக் காற்றிலும் பட்டுச் சிதறி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவே.

எண்ணெய்க் கடையில் என்ன செய்கிறார்கள்? டின்னோடு நிறுத்து, டின் எடையைக் கழிக்கிறார்கள். ஆகாய வெளிச்சத்தையும் அப்படியே கழித்துவிடலாம். சிக்கல் எங்கே என்றால், நம் டின் இருபது கிலோ. உள்ளே இருக்கும் எண்ணெயோ ஒரே ஒரு கரண்டி! தராசு முள் துளி ஆடினாலும் கரண்டி எண்ணெய் காணாமல் போய்விடும். வெளிச்சம் என்பது மழைத் துளிபோல் தனித்தனியாய் வந்து விழுவது. ஆகவே முள் ஆடாமல் இருக்கவே இருக்காது.

பரிகாரம்? ஒரு தடவைக்கு நூறு தடவை நிறுத்துச் சராசரி எடுக்க வேண்டும். நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் ஆட்டம் பத்தில் ஒரு பங்காகிவிடும். நானூறு படமென்றால் இருபதில் ஒரு பங்கு. ஆகாயம் பத்து மடங்கு வெளுத்திருந்தால், அதே அளவு தெளிவுக்குப் பத்து மடங்கு நேரம் உழைக்க வேண்டும். புறநகர்வாசிக்கு விதிக்கப்பட்ட அபராதம் இதுதான். கட்டிவிட்டால் படம் கிடைக்கும்.

என்ன வேண்டும்?

என்னிடம் இருந்தது செகண்ட்ஹாண்டில் வாங்கிய ஒரு டி.எஸ்.எல்.ஆர். காமிரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, ஒரு முக்காலி ஸ்டாண்டு. பொத்தானைக் கையால் அமுக்கினால் காமிரா அதிரும். ஆகையால், தானே அமுக்கும் இன்டர்வலோமீட்டர் என்ற சின்னச் சாதனம் ஒன்று வாங்கினேன். தொலைநோக்கி கிடையாது.

பூமி சுழல்வதால் நட்சத்திரம் நகர்கிறது. காமிராவை அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். 500 என்ற எண்ணை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை விநாடி திறக்கலாம் என்பது உத்தேசமாய் வரும். காமிராவின் சென்ஸர் சிறிய ரகமானால் மில்லிமீட்டரை முதலில் ஒன்றரை மடங்காக்கிக்கொண்டு வகுக்க வேண்டும். என் காமிராவுக்கு ஐந்து, ஆறு விநாடி கிடைத்தது. ஐந்து விநாடியில் அறுநூறு படம் எடுத்தால் மொத்தம் 50 நிமிஷம். டாக்டர் டிரேப்பரின் 51 நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம்தான் குறைவு! அவர் கடிகார யந்திரத்தால் தொலைநோக்கியைத் திருப்பினார். நான் நேரத்தைத் துண்டு போட்டேன்.

படங்களை ஜேபெக்காக அல்லாமல் ‘ரா’ என்ற சமைக்காத வடிவத்தில் சேமிக்க வேண்டும். ஆட்டோ போகஸ் இருட்டில் உதவாது. திருவாதிரையையோ அதைவிடப் பிரகாசமான சிரியஸையோ திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அது மிகச் சிறு புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்பி, பிறகு ஒரு துண்டு டேப் ஒட்டி வளையத்தை அசையாமல் செய்துவிட வேண்டும். இதில் நான் ஒரு ராத்திரி முழுவதையும் கோட்டைவிட்டேன். காலையில் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் மெதுவடை!

மூடி போட்டபடியே இருபது, முப்பது இருட்டுப் படங்களும் எடுத்துக்கொள்வது அவசியம். உஷ்ணத்தால் சென்ஸரில் தானாகத் தோன்றும் புள்ளிகளைக் கழிக்க அவை உதவும். ஊட்டிக்காரருக்கு இது பெரிய தொல்லையல்ல; நம் சித்திரை, வைகாசி உஷ்ணத்தில் இது இல்லாமல் முடியாது. லென்ஸின் தூசியும் ஓர இருட்டும் கழிய, விடியற்காலை ஆகாயத்தைப் பார்த்து லென்ஸ் மேல் வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக் கட்டிச் சில படங்கள் எடுக்க வேண்டும். கடையில் விற்கும் சாதனங்களைவிட நாலு முழ வேட்டி நன்றாக வேலை செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். டீப் ஸ்கை ஸ்டாக்கர், சிரில் ஆகிய இரண்டு புரோக்ராம்களும் இலவசம். நட்சத்திரங்களை அடையாளம் கண்டு ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக்கொள்கின்றன. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானமும் செயற்கைக் கோளும் குறுக்கே கோடு போட்டாலும் கவலையில்லை. அறுநூறில் ஒரே ஒரு படத்தில் மட்டும் தலை காட்டும் கோட்டைப் புரோக்ராம் பொய் சாட்சியென்று தள்ளிவிடுகிறது.

எப்போது எடுப்பது?

இதற்குப் பஞ்சாங்கத்தைவிட நல்ல வழிகாட்டி இல்லை. சந்திரன் இல்லாத இரவு வேண்டும். மார்கழித் திருவாதிரைத் திருநாள் பௌர்ணமியை ஒட்டி வருவது. சந்திரன் அந்த நெபுலாவுக்கு அக்கம்பக்கத்திலேயே நின்று படத்தைக் கெடுத்துவிடும். (2016-ல் வர்தா புயலில் மின்சாரம் போனபோதும் இதே கதைதான். புயல் வந்தது டிசம்பர் 12, திருக்கார்த்திகையன்று. தெருவிளக்கு அணைந்தும் பூரண சந்திரன் அணையவில்லை!) போகிக்குப் பக்கத்து நாட்களும் உதவாது; புகை அடங்கும் வரை வானம் பால் காய்ச்சின பாத்திரம் மாதிரி இருக்கும்.

தை அமாவாசைதான் நமக்கு முகூர்த்த நாள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். சந்திரன் கிடையாது. ஓரியன் முன்னிரவிலேயே உச்சிக்கு வந்துவிடும். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து அது 72 டிகிரி உயரத்துக்கு ஏறுகிறது. லண்டனில் 33 டிகிரிதான். உயரம் கூடக்கூட, குறுக்கே வரும் தூசியும் வெளிச்சமும் குறையும். ஈலிங்கில் காமனுக்குக் கிடைக்காத சௌகரியம் இது. நெபுலா விஷயத்தில் நம் ஊர் பூகோளம் கொடுத்து வைத்தது. தெற்கே சித்திரை மாத இரவில் மாடம்பாக்கம் பக்கத்து வீடுகளுக்கு மேலே 17 டிகிரியில் கரீனா நெபுலா வரும். அது ஓரியனைவிடப் பெரிது, பிரகாசமானது. டெல்லிக்காரருக்கு அது தொடுவானத்தை விட்டு எழும்புவதே அபூர்வம். லண்டனுக்கு அது கிடையவே கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கஷ்டமும் உண்டு. நட்சத்திரங்களோடு சேர்ந்து காமிராவைத் திருப்பும் டிராக்கர் என்ற கருவியைப் பின்னால் வாங்கினேன். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். அந்த நட்சத்திரம் நமக்கு 13 டிகிரி உயரத்தில், அதுவும் நகரத்து வெளிச்சம் கொழுந்துவிடும் வடக்கே இருக்கிறது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது எதிர் பிளாட்டின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிரந்தர வாசம் செய்கிறது! காந்த ஊசியால் வடக்கையும், செல்போனைச் சாய்த்து வைத்துப் 13 டிகிரியையும் அளந்துகொண்டேன். சென்னையில் காந்த ஊசி மெய்யான வடக்கிலிருந்து அதிகம் விலகுவதில்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்தத் துல்லியம் போதும்.

காமிராவை அந்தத் திசையில் வைத்து நான் அல்லாடியதை எதிர் பிளாட்காரர் ஒருவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். “என்ன சார், நாலு நாளாய் எங்க வீட்டுப் பக்கமே காமிராவைத் திருப்பி வெச்சிருக்கீங்க?” என்று கீழே நின்று உரக்கவே கேட்டுவிட்டார். மாடிக்கு அழைத்துத் திரையைக் காட்டினேன். பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். இப்போதெல்லாம் மாடியில் என் தலை தெரிந்தால் பால்கனி விளக்கை அவராகவே அணைத்துவிடுகிறார். நான் செலவழித்து வாங்கிய எந்தச் சாதனமும் இவ்வளவு பயன் தரவில்லை.

ஒரு சாதனத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். ஹக்கின்ஸ் கண்ட பச்சைக் கோட்டையும் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டையும் மட்டும் உள்ளே விட்டு, மற்ற நிறங்களை வாசலிலேயே நிறுத்திவிடும் பில்டர்கள் வந்திருக்கின்றன. பழைய சோடியம் விளக்கு மஞ்சளில்தான் பெரும்பாலும் எரிந்தது. அதை வெட்டுவது சுலபமாயிருந்தது. எல்.இ.டி. எல்லா நிறத்திலும் புகுந்துகொள்கிறது. ஆகவே வாசலை ஊசிக் காதளவு குறுக்க வேண்டியதாயிற்று. தந்திரம் புதிதல்ல. ஹைட்ரஜனின் அதே சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பிரித்தெடுத்து, 1912-லிருந்து கோடைக்கானலில் சூரியனைப் படம் பிடித்திருக்கிறார்கள்! பில்டர் விலை அதிகம். என் பழைய காமிராவின் விலையை எட்டிப் பிடிக்கிறது. புதிதாய்த் தொடங்குகிறவர்கள் முதல் வருஷம் அதை வாங்கவே வேண்டாம். தவிர, சாதாரணக் காமிராக்களில் சென்ஸருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி ஹைட்ரஜன் சிவப்பின் பெரும் பகுதியைத் தடுத்துவிடுவதால், முழுப் பலன் கிடைக்க அந்தக் கண்ணாடியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் கிடைத்துவிடும் என்று ஆசை காட்டவும் நான் தயாராயில்லை. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலத் தூசி மேகம் நட்சத்திர ஒளியைப் பிரதிபலிப்பது. அதில் எல்லா நிறமும் உண்டு. பில்டர் அங்கே கையை விரித்துவிடும். நான் மூன்று இரவு முயன்றும் நட்சத்திரங்கள்தான் விழுந்தன. அதற்குக் காவலூர் மாதிரி இருட்டுதான் வேண்டும்.

பிப்ரவரி 9

2024-ல் தை அமாவாசை பிப்ரவரி 9-ந் தேதி வந்தது. இரவு எட்டு மணிக்கே ஸ்டாண்டை நிறுத்தினேன். பில்டரும் டிராக்கரும் அப்போது கிடையாது. ஐந்து விநாடிப் படங்கள்தான். எட்டரைக்கு ஓரியன் உச்சிக்கு வந்தது. லென்ஸில் பனி படியத் தொடங்கியதும், தாயார் காலுக்கு ஒத்தடம் கொடுக்க வைத்திருந்த வெந்நீர்ப் பையைக் கேட்டு வாங்கி வந்து லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். பனி விலகியது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படமும் அழுக்குக் காவி நிறத்தில் வெறும் ஆகாயம். நடுவில் ஏதோ மங்கலாய் ஒரு கறை. அறுநூறையும் அடுக்கி, ஆகாய வெளிச்சத்தைக் கழித்து, மிச்சத்தை மெல்ல மெல்லப் பிரகாசப்படுத்தியபோது மணி விடியற்காலை மூன்று. சிறகு விரித்தாற்போல் வளைந்து, நடுவில் வெளுத்து, ஓரமெல்லாம் ரோஜா நிறமாய் அது திரையில் எழும்பி வந்தது. எழுந்து போய்த் தாயாரை எழுப்பலாமா என்று நினைத்தேன். எழுப்பவில்லை.

மறுநாள் செலையூரில் ஒரு கடையில் பெரிதாய்ப் பிரிண்டு போட்டு எடுத்து வந்து கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, படத்தை மூக்குக்குச் சமீபமாய்ப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூன்று நட்சத்திரங்களை விரலால் தொட்டு எண்ணினார். விரல் கீழே இறங்கி அந்தச் சிவப்பின் மேல் நின்றது.

“இதா?” என்றார். “நான் பார்த்தது வெள்ளையா இருந்ததே, அப்பா.”

மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, அதிலும் சிவப்பு சுத்தமாய்த் தெரியாது, காமிராவுக்குத்தான் தெரியும் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

“என்னமோ, நான் பார்த்தது வெள்ளைதான்” என்று சொல்லிவிட்டுப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.